பழைய பிரமாணம் இன்றைக்கு வழிகாட்டுமா?

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஊழியர்கள் சார்பில் கொடுக்கப்பட்ட செய்தி. வர இயலாத ஆதரவாளர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இந்த நாளில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். செவிலியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வேதபாட வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி அது. "பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னே பாளயத்தில் கூடாரம் போட்டிருந்த ஜனங்களுக்குக் கொடுத்த கட்டளைகள் இன்றைக்கு நமக்கு எதற்கு? நல்லது எது, கெட்டது எது என்று அவற்றைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள முடியுமா?"

இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. எழுதியிருப்பதெல்லாம் அப்படியே இன்றைக்கும் செல்லும் என்று சொல்லிவிடலாம். காலம் மாறிவிட்டது, எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடலாம் என்றும் சொல்லிவிடலாம். நோயாளிகளின் நடுவே வேலை செய்கிற எங்களுக்கு இந்த இரண்டு பதில்களும் போதவில்லை. முதல் பதிலால் காயப்பட்டவர்களை நாங்கள் பார்க்கிறோம். இரண்டாவது பதிலைச் சொன்னால், இந்த மருத்துவமனை எந்த அஸ்திபாரத்தின்மேல் நிற்கிறதோ அதையே தோண்டிப் போட்டவர்கள் ஆவோம். ஆகையால் நமக்கு மிக அருகில் இருக்கிற ஒரு காரியத்திலிருந்தே தொடங்குவோம்.

லேவியராகமம் பதின்மூன்றும் பதினான்கும்

தமிழ் வேதாகமத்தில் குஷ்டரோகத்தைப் பற்றிய பிரமாணம் லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் இருக்கிறது. சபையில் பெரும்பாலும் யாரும் பிரசங்கிக்காத அதிகாரங்கள் இவை. ஆனாலும் அவற்றில் ஒரு பகுதி எல்லாருக்கும் தெரியும். ரோகி கிழிந்த வஸ்திரம் உடுத்தி, வாயை மூடிக்கொண்டு, தான் தீட்டுள்ளவன் என்று தானே கூவி அறிவித்து, பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்கவேண்டும் என்கிற பகுதிதான் அது.

மற்றவற்றையும் வாசித்தால் வேறு சில காரியங்கள் கண்ணில் படும். ஒருவன் மேல் தழும்போ வெள்ளைப்படரோ கண்டால், கண்டவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆசாரியன் பார்க்கவேண்டும். சந்தேகமானால் ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடியும் பார்க்கவேண்டும். அப்போதும் தெளிவில்லாவிட்டால் இன்னும் ஏழு நாள். அவசரப்பட்டு ஒரு மனுஷனை ஒதுக்கிவிடக் கூடாது என்கிற கவலை அந்தக் கட்டளையில் இருக்கிறது.

அதே அதிகாரத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. உடம்பு முழுவதும் வெள்ளையாகிவிட்டவனை ஆசாரியன் சுத்தமுள்ளவன் என்று சொல்லிவிடலாம். வஸ்திரத்திலும் தோலிலும் வீட்டுச் சுவரிலும்கூட இந்தத் "தோஷம்" வரும் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் தொழுநோய் என்று சொல்வது சுவரில் வராது. தொழுநோயின் முக்கியமான அடையாளம் தேமலில் உணர்ச்சி இல்லாமல் போவது. அதைப் பற்றி இந்த அதிகாரங்களில் ஒரு வார்த்தையும் இல்லை. எபிரெய மொழியில் இதற்கு "சாராத்" என்று பெயர். பலவிதமான தோல் வியாதிகளையும், துணியிலும் சுவரிலும் பூக்கும் பூஞ்சையையும் ஒருசேரக் குறித்த சொல் அது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "லெப்ரா" ஆயிற்று. பின்பு அந்தச் சொல்லே ஒரு குறிப்பிட்ட நோயின் பெயராகிவிட்டது. சில புதிய ஆங்கில வேதாகமங்கள் இந்த இடத்தில் தொழுநோய் என்ற சொல்லை எடுத்துவிட்டு, தோல் வியாதி என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருக்கின்றன.

இது வெறும் அகராதி விஷயம் அல்ல. ஒரு சொல் இடம் மாறியதால், கட்டளை யாரைக் குறித்ததோ அவர்களை விட்டு, நூற்றாண்டுகளாக வேறொரு நோயுள்ளவர்கள் மேல் அந்தத் தீட்டு சுமத்தப்பட்டது. இன்றைக்கும் சுமத்தப்படுகிறது.

நமக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரியாததும்

1873-ஆம் ஆண்டு நார்வே தேசத்தின் பெர்கன் பட்டணத்தில் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டார். இது பாவத்தின் சம்பளமும் அல்ல, பரம்பரைச் சாபமும் அல்ல, ஒரு கிருமியால் வருகிற வியாதி என்று அதனால் தெளிவாயிற்று. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. 1940-களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இன்னொரு உண்மையைக் காட்டினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரத்தைப் பிடித்தும், முள்ளை மிதித்தும், புண்ணோடு நடந்தும் அவர்கள் கைகால்களை இழக்கிறார்கள். மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மறுபடியும் வேலை செய்ய வைத்தார் அவர். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1995 முதல் அந்த மருந்து உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் போதும். மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது.

ஆகையால், ஒரு தொழுநோயாளியை ஊருக்குப் புறம்பே வைப்பதற்கு இன்று லேவியராகமத்தை ஆதாரம் காட்டுகிறவன், வேதத்தையும் சரியாக வாசிக்கவில்லை, நோயையும் அறியவில்லை. பழைய கட்டளை எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்த விஷயத்தைக் குறித்த அறிவு மாறும்போது, அந்தக் கட்டளையின் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பக்தி ஆகாது.

அதே சமயத்தில் பழையவர்களைப் பார்த்து நாம் பெருமை பேசவும் இடமில்லை. நம்முடைய தேசத்தில் 1898-இல் போட்ட தொழுநோயாளர் சட்டம், நோய் கண்ட ஏழைகளைப் பிடித்து விடுதிகளில் அடைக்க வழி செய்தது. மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பு, 2016-இல்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்கிற விதி, கிறிஸ்தவர்களுக்கான சட்டம் உட்பட நம் குடும்பச் சட்டங்களில் 2019 வரைக்கும் இருந்தது. இவை மோசே எழுதியவை அல்ல. படித்தவர்கள், கிருமியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், எழுதி வைத்தவை.

திரும்பி வரும் வழி

இப்போது பதினான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள். எங்கள் மனதை மிகவும் தொட்ட பகுதி இதுதான்.

பதின்மூன்றாம் அதிகாரம் புறம்பே அனுப்புகிறது. பதினான்காம் அதிகாரம் உள்ளே அழைத்து வருகிறது. சொஸ்தமானவன் பாளயத்தின் வாசலில் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. ஆசாரியனே பாளயத்துக்குப் புறம்பே போய் அவனைப் பார்க்கவேண்டும். பிறகு எட்டு நாள் நடக்கிற சடங்குகளின் முடிவில், அவன் முழு உரிமையோடு ஜனத்தில் ஒருவனாகிறான். அதற்குப் பிறகு அவனை எவனும் பழைய பெயரால் கூப்பிட முடியாது.

அந்தச் சடங்குக்கு மூன்று ஆட்டுக்குட்டிகள் வேண்டும். அவ்வளவுக்குச் சக்தியில்லாத ஏழையானால்? ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் போதும். பணம் இல்லை என்பதற்காக ஒருவன் வாசலுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது. எங்கள் கட்டணப் பிரிவில், வருமானத்தை விசாரித்து, ஏழைகளுக்குக் குறைத்தும் தள்ளியும் கொடுக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். அது யாரோ நிர்வாகப் படிப்பில் கற்றுக்கொண்டு வந்த புது யோசனை அல்ல. லேவியராகமத்திலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது.

இன்னும் ஒரு சிறு காரியம். வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால், ஆசாரியன் பார்க்க வருமுன்னே வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். அவன் உள்ளே போய்த் தீட்டு என்று சொல்லிவிட்டால் எல்லாமே தீட்டுப்பட்டுவிடும் அல்லவா? ஒரு குடும்பத்தின் பாயும் பானையும் வீணாகக் கூடாது என்று சட்டமே முன்கூட்டி யோசித்திருக்கிறது!

2020-இல் கொரோனா வந்தபோது தனிமைப்படுத்துதல் என்றால் என்ன என்று நாம் எல்லாரும் கற்றுக்கொண்டோம். பிரித்து வைப்பது சில வேளை தேவைதான். ஆனால் பிரித்து வைத்தவர்களுக்குச் சோறு கொண்டுபோவது யார், எத்தனை நாளில் திரும்ப அழைப்போம், திரும்பி வந்தவரை எப்படி வரவேற்போம் என்று சொல்லாத சட்டம் பாதிச் சட்டம். நம்முடைய ஆண்டவர் குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கிய விதத்தைப் பாருங்கள். முதலில் கையை நீட்டித் தொட்டார். தீட்டைப் பற்றிய எழுத்தை அவர் தாண்டினார். உடனே, ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கும்படி அவனை அனுப்பினார். திரும்பி வரும் வழியைப் பற்றிய பிரமாணத்தை அவர் கனப்படுத்தினார். ஒரே சம்பவத்தில் இரண்டும் நடந்தன. பழைய கட்டளைகளை எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

கைப்பிடிச் சுவர்

சில கட்டளைகளோ நேற்று எழுதினாற்போல் இருக்கின்றன. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று ஒரு விதி உண்டு. யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல் வரும். விழுந்தவன் அஜாக்கிரதையாய் நடந்தான் என்று வீட்டுக்காரன் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

விபத்துப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வசனத்துக்கு வியாக்கியானம் தேவையில்லை. கோடைகாலத்தில் மொட்டை மாடியில் படுத்துத் தூக்கத்தில் விழுகிறவர்கள் உண்டு. சுற்றுச்சுவர் இல்லாத வயல்கிணற்றில் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. காப்பு மூடி கழற்றிப்போட்ட இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள் உண்டு. காட்டுப்பன்றிக்கென்று வயலைச் சுற்றிக் கள்ளத்தனமாய் மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. ஓட்டு வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர் தேவையில்லை. அங்கே கட்டளையின் எழுத்து பொருந்தாது. ஆனால் "என் இடத்தில் பிறனுக்கு வரக்கூடிய ஆபத்தை நான் முன்கூட்டியே யோசிக்கக் கடமைப்பட்டவன்" என்கிற கருத்து கிணற்றுக்கும் இயந்திரத்துக்கும் மின்கம்பிக்கும் பொருந்தும்.

கூலியைப் பற்றிய விதியும் இப்படித்தான். ஏழைக் கூலிக்காரனின் சம்பளத்தை இரவு முழுதும் உன்னிடத்தில் வைத்துக்கொள்ளாதே என்கிறது பிரமாணம். அவன் அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. இந்த ஒரு விதியை நம் சபையார் தங்கள் வீட்டு வேலைக்காரரிடத்திலும், கட்டட வேலைக்கு வருகிறவர்களிடத்திலும் கைக்கொண்டால், மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நாளைக்குக் கூலி வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று திரும்பிப்போகிறவர்கள் எத்தனையோ பேர் குறைவார்கள்.

வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்கிற கட்டளையை ரூத்தின் சரித்திரத்தால் நாம் அறிவோம். நம் தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த கைப்பிடி அரிசி அந்த வயலோரத்தின் பிள்ளைதான். அந்த அரிசியால் எத்தனை சபைகளும் பள்ளிக்கூடங்களும் எழும்பின! வயல் இல்லாதவர்களுக்கும் ஓரம் உண்டு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மறைக்கக் கூடாத பகுதி

இப்படி நல்லவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னால், கேள்வி கேட்ட பிள்ளைகளை நாம் ஏமாற்றுகிறவர்கள் ஆவோம். அதே லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம், அந்நிய ஜாதியாரை அடிமைகளாய் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாய் வைக்க அனுமதிக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமை வியாபாரத்தை ஆதரித்துப் பிரசங்கித்தவர்கள் இப்படிப்பட்ட வசனங்களைக் காட்டித்தான் பேசினார்கள். அதே வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வில்பர்போர்ஸ் போன்றவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1807-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை வியாபாரம் சட்டப்படி ஒழிந்தது.

லேவியராகமம் 19 செவிடனைத் தூஷிக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே என்று சொல்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, குருடனும் சப்பாணியுமான ஆசாரியன் பலிபீடத்தண்டை வரக்கூடாது என்று சொல்கிறது. சக்கர நாற்காலியில் வந்து ஆராதிக்கிறவர்களுக்கு முன்பாக இந்த இரண்டையும் ஒரே தொனியில் வாசிக்க எங்களால் முடியாது. முடியும் என்று நடிக்கவும் கூடாது.

இந்த இடத்தில் எங்களுக்கு உதவியது எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்பிள்ளைகள் மட்டுமே. அவர்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, எங்கள் தகப்பனுடைய பங்கு எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். மோசே அவர்களை அதட்டி அனுப்பவில்லை. கர்த்தருடைய சந்நிதியில் அந்த வழக்கைக் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்று பதில் வந்தது. விதி மாறியது. பின்பு 36-ஆம் அதிகாரத்தில் அவர்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கலியாணம் செய்யவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வந்தது உண்மைதான். ஆனாலும் பிரமாணம் கல்லைப்போல் அசையாமல் கிடந்த ஒன்றல்ல, வஞ்சிக்கப்பட்டவர்களின் வழக்கைக் கேட்டுத் திருத்தம் பெற்ற ஒன்று என்பதற்கு அந்த அதிகாரமே சாட்சி. 1986-இல் உச்ச நீதிமன்றம், மேரி ராய் என்னும் தாயார் தொடுத்த வழக்கில், திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தகப்பன் சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சபைகளுக்குள்ளிருந்தே அதற்கு எதிர்ப்பு எழும்பியது. அந்த ஐந்து சகோதரிகளின் கதையை ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் அப்படி எதிர்த்திருக்க வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

ஆகையால் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான். ஒரு பழைய கட்டளை முன்னே வந்தால் அதை மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, இது யாரைக் காக்க எழுந்தது? கூலிக்காரனையா, விதவையையா, மாடியில் நடக்கிறவனையா? அப்படியானால் அந்தக் காவல் இன்றைக்கு எந்த உருவத்தில் வேண்டும் என்று தேடுங்கள்.

இரண்டாவது, இது எந்த அறிவின்மேல் நிற்கிறது? அந்த அறிவு பிழையென்று தெரிந்துவிட்டதா? தெரிந்த பின்பும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷனை வருத்தாதேயுங்கள்.

மூன்றாவது, இதனால் புறம்பே போனவன் திரும்பி வர வழி இருக்கிறதா? இல்லையென்றால், ஆண்டவர் எங்கே நிற்பார் என்று பாருங்கள். மாற்கு சுவிசேஷத்தின்படி, குஷ்டரோகியைத் தொட்ட பிறகு அவரே பட்டணத்துக்குள் வெளியரங்கமாய்ப் பிரவேசிக்கக் கூடாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். புறம்பே இருந்தவன் உள்ளே போனான். உள்ளே இருந்தவர் புறம்பே நின்றார்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியதால், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற்போயிற்று என்று நம் தேசம் அறிவித்தது. நோய் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் 2023-இல் உலகத்தில் புதிதாய்க் கண்டறியப்பட்ட சுமார் 1,80,000 தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருந்தார்கள்.

அவர்களுக்கு மருந்து இருக்கிறது. அது இலவசம். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பெறலாம். அப்படியிருந்தும் ஏன் சிலர் கை மடங்கிய பின்பு வருகிறார்கள்? உணர்ச்சியற்ற தேமலை ஒருவன் ரவிக்கையாலும் சட்டையாலும் மூடி வைப்பதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. வெளியே தெரிந்தால் மகளின் கலியாணம் நின்றுவிடும், வேலை போய்விடும், கோவிலில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்கிற பயமே பெரிய காரணம். அந்தப் பயத்தை மாத்திரையால் தீர்க்க எங்களால் முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிற ஒருவர் உங்கள் சபையில் நுழையும்போது, அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். திருவிருந்தில் அவருக்குப் பின்னால் முழங்காற்படியிடத் தயங்காதிருங்கள். சபை அசனத்தில் அவருக்கு வேறு பந்தி போடாதிருங்கள். பாளயத்துக்குப் புறம்பே போய் அவரைச் சந்திக்கிற வேலையை மருத்துவமனை செய்யும். உள்ளே அழைத்து உட்கார வைக்கிற வேலை சபையினுடையது. நீங்கள் அனுப்புகிற காணிக்கை ஒருவரின் கையை நிமிர்த்துகிறது. அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க இன்னொரு கை வேண்டும்.

பழைய பிரமாணம் இன்றைக்கு வழிகாட்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதைச் சாட்டையாய் எடுக்கிறவனுக்கு அது வழிகாட்டாது. பிறனைக் காக்க எடுக்கிறவனுக்கு அது இன்றைக்கும் வழிகாட்டும் என்பது எங்கள் அனுபவம். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.